கொட்டகை ஆணியில் ஒரு புடவை

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஓர் ஆணி உண்டு. அதில் ஊதா நிறப் பழைய நைலக்ஸ் புடவை ஒன்று எப்போதும் தொங்கும். அதைத் துவைக்கக் கூடாது என்பது அண்ணியின் கட்டளை. மாடு அவள் கைக்கு மட்டும்தான் பால் விடும். வேறு யாராவது போய் உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டு காலை வீசும். அண்ணி இல்லாத நேரத்தில் கறக்க வேண்டுமானால் அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வாசனையில் ஏமாந்து மாடு கொஞ்சம் இளகும். முறுக்கு மீசை வைத்த என் அண்ணன், அந்தப் புடவையில் முக்காடு போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் ஒருமுறை மாடே மிரண்டுபோனது.

அந்த மாட்டை எனக்குப் பிடிக்காது. அண்ணியின் தாய்வீடு ஆரணி. கல்யாணமாகி வந்தபோது அவளோடு கன்றாக வந்தது அது. எங்கள் ஊரோ கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியது. மேய்ச்சலுக்கு இருந்த இடமெல்லாம் கம்பெனிகளின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டதால் மாடு நாள் முழுக்கக் கொட்டகையிலேயே கட்டிக் கிடக்கும். அண்ணியும் ஏறக்குறைய அப்படித்தான். உறவில் கல்யாணம் என்றால்கூட தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் பஸ் பிடிப்பாள். சாயங்காலக் கறவைக்கு வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஓர் ஆடி மாதம் அவள் தாய்வீட்டார் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். சனிக்கிழமை கோயில் பக்கம் தங்கி, ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்து, வேப்பிலை கட்டி வேண்டுதலை முடிப்பது அவர்கள் வழக்கம். நாங்கள் விரட்டாத குறையாக அண்ணியையும் அனுப்பிவைத்தோம். அன்று சாயங்காலம் அண்ணன் புடவையைச் சுற்றிக்கொண்டு கறக்கப் போனான். பின்காம்புகளில் கொஞ்சம் வந்தது. முன்காம்புகளைத் தொடவே விடவில்லை. இரண்டு உதை வாங்கியதும் சொம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான். மறுநாள் காலையும் அதே கதை. திரும்பி வந்த அண்ணி மடியில் கை வைத்தபோது முன்பக்கம் கல்லாக இறுகி, சூடாக இருந்தது. பீய்ச்சினால் தண்ணீரும் தயிர்க்கட்டியுமாக வந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. "நான் ஒரு நாளு வெளிய போனா இதான் ஆவும்" என்றாள். திட்டியிருந்தால் எங்களுக்குத் தேவலாம் போலிருந்தது.

கால்நடை டாக்டர் ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து ஏற்றினார். அண்ணி சோற்றுக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் தடவிக்கொண்டே இருந்தாள். பின்பக்கம் தப்பித்தது. முன்காம்புகள் இரண்டும் செத்துப்போயின. "வச்சிக்கினா தீனிக்கே கட்டாதும்மா. குடுத்தா எங்க போவும்னு உங்களுக்கே தெரியும். நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டியைக் கிளப்பினார்.

அதே சமயம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி பேக்கிங் வேலைக்குப் பெண்களை எடுத்தது. பன்னிரண்டாவது படித்த அண்ணிக்கும் இடம் கிடைத்தது. கம்பெனி வேன் ஊருக்குள் வருவது சரியாகக் காலைக் கறவை நேரத்தில். மாட்டை விற்றால் வேலைக்குப் போகலாம், ஆனால் மாடு அடிமாடாகப் போகும். வைத்துக்கொண்டால் அண்ணிக்குக் கடைசிவரை கொட்டகைதான். "உன் மாடு, நீயே சொல்லு" என்று அண்ணன் பெரிய மனுஷனாக ஒதுங்கிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வித்துட்டுக் கெளம்பு அண்ணி" என்றேன். "எனுக்கும்தாம்மா ஆசை. அது வேற யாரையும் கிட்டயே சேத்துக்க மாட்டுதே, இன்னா பண்றது?" என்றாள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் அலைந்தவள், கடைசியில் தரகரை வரச்சொன்னாள்.

தரகர் மினி லாரியோடு வந்தார். வாலை முறுக்கியும் பின்னாலிருந்து தள்ளியும் மாடு பலகையில் கால் வைக்கவில்லை. "யம்மா, நீ முன்னால ஏறு. உன் பின்னாலயே வந்துடும். அப்பால நீ எறங்கிக்கோ" என்றார் தரகர். அண்ணி ஏறினாள். மாடு மறுபேச்சில்லாமல் பின்னாலேயே ஏறியது. பின்கதவைச் சாத்தினார்கள். முன்பக்க மூலையில் அண்ணி, அவளை மறித்துக்கொண்டு மாடு. அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் அந்தப் பக்கம் நகர்ந்தது. பக்கக் கம்பி வழியாக இறங்கச்சொல்லி அண்ணன் கை நீட்டினான். அவள் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிவைத்தாள். மாடு அவள் முந்தானையை நக்கிக்கொண்டு நின்றது. அவள் காலை இறக்கிக்கொண்டாள்.

"தொறங்க. நாங்க ரெண்டு பேரும் எறங்குறோம்."

"பேஜாரு புடிச்ச ஊடுபா இது" என்று தலையில் அடித்துக்கொண்டே தரகர் கதவைத் திறந்தார்.

கம்பெனியில் பேசி, வேனில் அவள் இடத்துக்கு என்னை அனுப்பினாள். டிபன் பாக்ஸும் கட்டிக் கொடுத்தாள். வேன் தெருமுனையில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கொட்டகையில் அவள் முதுகு தெரியும். அடுத்த ஈற்றில் மாடு கிடாரிக் கன்று போட்டது. மிச்சமிருந்த இரண்டு காம்பின் பால் கன்றுக்கே சரியாகப் போயிற்று. சில வருடங்களில் வயதாகி, அதே கொட்டகையில், அண்ணி பக்கத்தில் இருக்கும்போது செத்துப்போனது.

நான் இப்போது கல்யாணமாகிக் காக்களூரில் இருக்கிறேன். போன ஆடியில் ஊருக்குப் போனபோது, பெரியபாளையம் போய் ஒரு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று அண்ணியைக் கூப்பிட்டேன். "நான் வந்துட்டா யாரு கறப்பாங்க? இதுவும் அதோட அம்மா மாதிரிதான், என் கைக்குத்தான் விடும்" என்றாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. நான் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் லுங்கியோடு உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தான். அந்தக் கன்று பெரிய பசுவாகி, அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாலு காம்பிலும் பால் வந்தது.

"இது யாருக்கும் விடுமாண்ணே?"

"நீ ஒக்காந்தாகூட விடும்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா?" என்றான். பிறகு ஆணியைப் பார்த்தான். "அந்தப் பொடவைய எத்தினியோ வாட்டி கழட்டிப் போட்டுட்டேன். அவதான் திரும்பத் திரும்ப எடுத்தாந்து மாட்டுறா."