இரண்டு முகங்களும் ஒரே அளவில்

தளி சாலையில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் முரளி அழைத்தான். “அண்ணா, அக்கா போயிட்டாங்கண்ணா.” அவனுடைய அக்கா, எங்கள் பத்திரிகையின் ஓவியர் வனஜா, இனி இல்லை. அவரோடு வேலை செய்த உங்களுக்கும் அந்தக் காலை ஒரு கெட்ட கனவாகத்தான் இருந்திருக்கும்.

தேர்தல் வந்தால் கேலிச்சித்திரம், வரைபடம் எல்லாம் வனஜாவின் பொறுப்பு. முடித்த கையோடு தாளை எடுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார். தளியிலிருந்து பூ கொண்டுவரும் மாதேவப்பா அங்கே இருப்பார். அவர் கன்னடக்காரர்; தமிழ் பேசுவார், படிக்க வராது. அவருக்குப் படம்தான் செய்தி. “பேப்பரை எடுக்கறப்போ எல்லாரும் பாதித் தூக்கத்துல இருக்காங்க சார். நீங்க எழுதினதுக்கு வந்து சேர்றதுக்குள்ள, படம் யாரையோ ஜெயிக்க வெச்சிடுது” என்று என் நடுநிலைப் பத்திகளைக் கிண்டல் செய்வார் வனஜா.

உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய தம்பி முரளியே நின்றான். எங்களிடம் வேறு ஓவியர் கிடையாது. வார்டின் இரண்டு வேட்பாளர்களையும் வனஜாவே வரைந்து எடுத்துப்போனார். மாதேவப்பா உற்றுப் பார்த்தார்.

“இந்தச் சின்ன ஆளு தோத்துட்டாரா மேடம்? இன்னும் ஓட்டே போடலியே?”

சின்ன ஆள் முரளி. தம்பி பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு வரக்கூடாதே என்ற பயத்தில், தன்னை அறியாமல் அவனைக் குறுக்கித் தலையையும் குனிய வைத்திருந்தார். ஆசிரியருக்கோ பரம நிம்மதி. “இதுவே இருக்கட்டும்மா. ஒருத்தனும் நம்மளைக் குறை சொல்ல முடியாது.”

வனஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என் பேரு கெடாம இருக்க அவன் தலையைச் சின்னது பண்றதா? பயந்தாலும் கை ஒரு பக்கம் சாயுது சார்.” உட்கார்ந்து மறுபடி வரைந்தார். இரண்டு முகங்களும் ஒரே அளவு. இரண்டு பேருக்கும் நேர்ப்பார்வை.

மறுநாள், தம்பியைத் தூக்கிவிட்டதாக எதிரணி வந்து கத்தியது. சொந்த அக்காவே கைவிட்டுவிட்டதாக முரளி நினைத்தான். கொஞ்சம் ஓட்டில் தோற்றான். அதன்பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. “வரைஞ்சது சரிதான் சார். ஆனா அவன் வரலியே” என்றார் வனஜா ஒரு மத்தியானம்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்க முரளியோடு நானும் போனேன். வழக்கப்படி அச்சுக்கடைக்காரர், கைகூப்பி நிற்கும் முரளியைப் பெரிதாகவும், வனஜாவை மூலையில் ஒரு வட்டத்துக்குள்ளும் வைத்திருந்தார்.

“என்னை எடுத்துடுங்க” என்றான் முரளி.

“உங்க படம் இல்லாட்டி யாரு ஒட்டினதுன்னு எப்பிடிங்க தெரியும்?”

“தெரிய வேணாங்க. அக்கா மட்டும் இருக்கட்டும்.”

மறுநாள் பனிக்குள் சுவர் சுவராக வனஜா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு சந்தேகம். யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒன்று அமைந்துவிட்டால், அதில் யாரைச் சின்னதாக்கியிருக்கிறேன் என்று தேடுகிறேன். இந்த அஞ்சலியை முதல் தடவை எழுதி முடித்ததும் அப்படித்தான் தேடினேன். முரளி இருந்தான், அக்காவோடு பேசாத தம்பியாக மட்டும். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.