டிராக்டர் டூ, ஹோல்ட் பொசிஷன்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய் சிகரெட் பற்ற வைக்கிற ஆள் நான். கூலாய் பக்கத்து எஸ்டேட்டில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு எத்தனை வேலை என்று எனக்கே கணக்கில்லை, மாசாயில் கண்டெய்னர் கழுவினேன், சிங்கப்பூரில் கப்பலுக்குத் துரு சுரண்டினேன், குளுவாங்கில் ஒரு வருடம் சவ வண்டிகூட ஓட்டியிருக்கிறேன், பின்னால் பிணம், முன்னால் நான், ஒரு நாளும் எவனும் எழுந்து உட்கார்ந்ததில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

என் மனைவி விமலா செனாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்தாள், ஐந்தாம் படிவம் வரை, பதினோரு வருடம் படித்தவள். விமான நிலையத்தில் புல் வெட்டும் டிராக்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னைத் தள்ளிவிட்டதே அவள்தான். டிராக்டர் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. ஓடுபாதையை ஒட்டிப் புல் வெட்டுகிறவன் ரேடியோவில் டவரோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை, அதுவும் ஆங்கிலத்தில். அங்கேதான் நான் பின்வாங்கினேன்.

டவர் என்றால் கட்டுப்பாட்டுக் கோபுரம். விமானம் மட்டுமல்ல, ஓடுபாதைப் பக்கம் நகரும் எதுவும் அவர்களைக் கேட்டுத்தான் நகர வேண்டும். ‘ஹோல்ட் பொசிஷன்’ என்றால் இருக்கிற இடத்திலேயே நில். ‘கிராஸ் ரன்வே’ என்றால் ஓடுபாதையைக் கடந்து போ. அவர்கள் சொன்னதை நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு ரீட்பேக் என்று பெயர், கடைசியில் நம் கால்சைனையும் சேர்க்க வேண்டும், அதாவது ரேடியோவில் நமக்கு வைத்திருக்கும் பெயர். என்னுடையது டிராக்டர் டூ. யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்பதில் குழப்பம் வந்தால் அங்கே உயிர் போகும்.

இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் பயிற்சி நடந்தது. அவள் சீப்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு டவராக இருப்பாள், நான் டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டிராக்டராக இருப்பேன்.

“டிராக்டர் டூ, ஹோல்ட் பொசிஷன்.”

“ஹோல்டிங் பொசிஷன்.”

“கால்சைன் எங்க? பக்கத்து வீட்டு அங்கிள் வந்து சொல்வாரா?”

ஒவ்வொரு தடவையும் கால்சைனை விட்டுவிடுவேன். அதைச் சேர்த்துச் சொல்லும்வரை சாம்பார் என் பக்கம் நகராது. கடைசியில் பரீட்சையில் பாஸாகிவிட்டேன்.

வேலையில் சேர்ந்து எட்டாவது மாதம் அவளுக்கு டெங்கி வந்தது. ஐந்தே நாள், ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. அதை விவரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என் போனில் இருந்தன, தினமும் போட்டுக் கேட்பேன். நாற்பதாம் நாள் சாமி கும்பிடச் சாமான் வாங்கப் போன வழியில் போன் சட்டைப் பையிலிருந்து விழுந்தது, பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போனது. அதன்பிறகு நடந்ததுதான் கொடுமை. அவள் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் இருந்தது, குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. ஒரு வருடத்தில் கண்ணை மூடி எவ்வளவு முயன்றாலும் அது வரவில்லை. முகத்துக்குப் போட்டோ இருந்தது, குரலுக்கு என்னிடம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று இருந்தேன்.

அது நடந்தது ராத்திரியில் இல்லை, மத்தியானம் மூன்று மணிக்கு. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தேன். கூலாய் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று ஓடுபாதைக்கு முன்னால் வண்டிகள் நிற்க வேண்டிய மஞ்சள் கோட்டுக்கு வந்து நின்று டவரைக் கூப்பிட்டேன். கிராஸ் ரன்வே என்றார்கள், எப்போதும் பேசுகிற ஆண் குரல். ரீட்பேக் சொல்ல மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“டிராக்டர் டூ, ஹோல்ட் பொசிஷன்.”

விமலா.

நம்பினால் நம்புங்கள், ஒரு வருடமாகத் தேடிய குரல் அப்படியே, தேயாமல், ஹெட்செட்டில் என் காதுக்குள் வந்து நின்றது. கை தானாக பட்டனை அழுத்தியது. “ஹோல்டிங் பொசிஷன்” என்றேன்.

“கால்சைன் எங்க?” என்றாள், தமிழில்.

“ஹோல்டிங் பொசிஷன், டிராக்டர் டூ.”

அவ்வளவுதான். கையில் மைக் இருந்தது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் எனக்கு வந்தது. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். ரேடியோவில் சத்தமே இல்லை. மழை வந்து கண்ணாடியை மூடியது.

யாரோ டிராக்டர் கதவைத் தட்டினார்கள். எங்களிடம் வேலை வாங்கும் மண்டோர் அந்தோணி அண்ணன், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

“அலமாக், உயிரோடதான் இருக்கியா? டவர்காரங்க ஆறு தடவ கூப்டாங்க லா! கிராஸ் பண்ணு கிராஸ் பண்ணுன்னு. தூங்கிட்டியா?”

“யாரும் கூப்பிடலையே அண்ணே.”

“எனக்கு மூணு கிலோமீட்டருக்கு அந்தாண்ட என் ரேடியோவுல கேட்குது, உனக்குக் காதுக்குள்ள கேட்கல?”

அவர் வண்டியைப் பின்தொடர்ந்து வெளியே வந்தேன். இதில் இன்னொன்றும் உண்டு. நான் நின்ற பதினோரு நிமிடத்தில் ஒரு விமானமும் இறங்கவில்லை, ஏறவில்லை. ஒன்று வந்திருந்தால் என் மனைவி என் உயிரைக் காப்பாற்றினாள் என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வெறும் ஓடுபாதை. எதற்காக நிறுத்தினாள்?

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார், மலாய்க்காரர், தன்மையான மனிதர். டவரில் பேசுவதெல்லாம் பதிவாகும், அதைப் போட்டுக் காட்டினார். முதலில் டவர்: கிராஸ் ரன்வே. சற்றுப் பொறுத்து நான்: ஹோல்டிங் பொசிஷன். பிறகு நான்கு விநாடி மௌனம். மறுபடி நான்: ஹோல்டிங் பொசிஷன், டிராக்டர் டூ. அதற்குப் பிறகு டவர் ஆறு முறை கூப்பிடுகிறது, நான் வாயைத் திறக்கவில்லை.

“உன்னை நிற்கச் சொன்னது யார்?” என்று மலாயில் கேட்டார். “முதலில் கால்சைன் இல்லாமல் சொல்லியிருக்கிறாய், பிறகு திருத்திச் சொல்லியிருக்கிறாய். உன்னைத் திருத்தியது யார்?”

செத்துப்போன மனைவி என்று சொன்னால் அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள், அது தெரியும். அட்டை போனால் அந்த ரேடியோவும் போகும். தப்பாகக் காதில் விழுந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பேசவே இல்லை என்று நானே எழுதிக்கொடுத்தேன். போகும்முன் அந்த நான்கு விநாடியை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டார். ஒன்றுமில்லை, லேசான இரைச்சல்தான்.

பதிவைப் போட்டபோது அந்தோணி அண்ணனும் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சிகாமட்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, விமலாவைப் பார்த்ததில்லை, நானும் அவளைப் பற்றி அவரிடம் எதுவும் பேசியதில்லை. திரும்பும்போது வண்டியில் அவராகவே ஆரம்பித்தார்.

“நேத்து டவர்ல பொம்பள யாராச்சும் டியூட்டியா?”

“இல்லண்ணே, ரெண்டு பேரும் ஆம்பளைங்க. ஏன்?”

“அந்த நாலு செகண்டுல யாரோ ஒரு பொம்பள தொண்டைய கனைச்ச மாரி இருந்துச்சு. ஏதோ பேச வர்ற மாரி. உனக்குக் கேட்கல?”

விமலா எதைப் பேசுவதற்கு முன்னாலும் தொண்டையைக் கனைப்பாள். போனில் அப்பாவிடம் பேசினாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி. அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு உண்டு என்பதே குரலோடு சேர்ந்து எனக்கு மறந்துபோயிருந்தது, அவர் சொன்னபோதுதான் ஞாபகம் வந்தது.

“எப்படி இருந்துச்சுன்னு செஞ்சு காட்டுங்கண்ணே.”

“பைத்தியமாடா நீ?” என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல, வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் செய்து காட்டினார். பீடி குடித்துக் கரகரத்த தொண்டை, அதில் அவள் கனைப்பு எங்கே வரும்.

ஒரு வேலையில் ஒரு வருடம் தாண்டாத நான் இப்போது மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறேன். டிராக்டரில் ஏறியதும் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு டவர் மட்டும்தான் பேசுகிறது. கேட்க வேண்டும் என்று கிடந்தவன் நான், எனக்கு இரைச்சல்தான் கேட்டது. அவளை யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்கு அது கேட்டது. தேநீர் நேரத்தில் அந்தோணி அண்ணன் தற்செயலாகத் தொண்டையைக் கனைத்தால்கூட நான் கையிலிருக்கும் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து அவர் என்ன பேசப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.