காரியாபட்டிக்குப் போய்ச் சேராத கடிதம்

மேல்காற்று அடித்தால் எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக் குடிதண்ணீரில்கூடப் பட்டாசுக் கம்பெனிகளின் கந்தக வாடை ஏறிவிடும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, அப்படியொரு நாளில்தான் ஊன்றுகோலோடு ஒரு முதியவர் வந்து, "இது சுப்பையா வீடுதானே?" என்று கேட்டார்.

சுப்பையா என் தாத்தாவின் அண்ணன். இரண்டாம் உலகப்போரில் குண்டு போடும் விமானத்தில், விமானிக்குப் பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவர். பர்மாப் பக்கம் போனவரைக் காணவில்லை என்று தந்தி வந்ததாம். அங்கேயே எவளோடோ தங்கிவிட்ட "ஓடுகாலி" என்று தாத்தா சொன்னதை ஊரும் நம்பியது. பிள்ளையில்லாத அவர் மனைவி சீனியம்மாளைக் காரியாபட்டியிலிருந்த பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் அண்ணன் பங்காக இருந்த நிலத்தையும் தாத்தாவே உழுதார்.

தாத்தா இறந்தபின் அது அப்பா கைக்கு வந்திருந்தது. அதனால் வந்தவர்மேல் அப்பாவுக்குச் சந்தேகம். "பர்மாவுல இருக்கிற அவர் பிள்ளைக நிலத்தைப் பாத்துட்டு வரச் சொன்னாகளா?" என்று, உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்.

"பிள்ளைகளா? அவரு அப்பவே செத்துட்டாருங்க. நான் அந்த விமானத்து மெக்கானிக். அன்னைக்குக் காலையில நான்தான் அவருக்குப் பெல்ட்டு மாட்டிவிட்டேன். குண்டு போட்டுத் திரும்பையில சுட்டுட்டாங்க. எரிஞ்சு விழுந்ததைப் பக்கத்து விமானத்துக்காரங்க பாத்தாங்க. எல்லாம் எழுதிப் போட்டேன், அவரு தம்பி பதிலும் எழுதினாரு. சாகிறதுக்குள்ள அவரு சம்சாரத்தை ஒரு தடவை பாத்துரலாம்னு வந்தேன்" என்றவர், பையிலிருந்து பழுப்பேறிய தபால் கார்டு ஒன்றை எடுத்தார்.

"விவரம் அறிந்தோம்" என்று தாத்தாவின் கையெழுத்து. அப்பா மையை விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் காரியாபட்டிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்.

சீனியம்மாள் அந்த வயதிலும் தாலியோடுதான் இருந்தார். மெக்கானிக் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கார்டை வாங்கிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் பெரியம்மா."

அவர் அதை நம்பினாரா, தெரியவில்லை. "நானுமில்ல அவுகளச் சந்தேகப்பட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று அவரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. அந்த நிலத்தில் பட்டாசுக் கம்பெனி ஷெட்டு நிற்கிறது. மெக்கானிக் எங்களிடமே விட்டுப்போன கார்டை, இதை எழுத உட்கார்ந்தபோது பீரோவில் தேடினேன், காணோம். கரையான் தின்றிருக்கும் என்கிறார் அப்பா. எங்கள் வீட்டில் இருப்பது இரும்பு பீரோ.