மஞ்சளில் நனைத்த சேலை

பெரியப்பா துணி மூட்டையை அவிழ்த்ததும் மேலே கிடந்தது வெள்ளைச் சேலைதான். யுத்த காலம், துணி கிடைப்பதே அரிது. கடைவாசலில் வரிசையில் நின்று வாங்கி வந்திருந்தார். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சிவப்புக் கரைச் சேலைகள். பதினோரு வயதான எனக்குச் சீட்டிப் பாவாடை. கரையில்லாத அந்த வெள்ளை யாருக்கென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளி மாலையே அப்பா எங்களைத் திருக்கோகர்ணத்திலிருந்து இலுப்பூருக்கு அழைத்து வந்துவிட்டார். கரியில் ஓடும் பஸ். மேடு வந்தபோதெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். இலுப்பூரில் பெரியப்பா வீட்டில்தான் அத்தை இருந்தாள், அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே தங்கை. அவளைக் கட்டிய மாமா ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகு கடிதமே இல்லை. நடந்தே ஊர் திரும்பியவர்கள் வழியில் செத்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். மாமாவைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெரியப்பா கெட்டவரல்ல. இன்னமும் பூவும் பொட்டுமாய் அத்தை நல்ல காரியங்களில் முன்னே நிற்பதை ஊர் பேசியது. அது அவர் காதுக்கு வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவள் முகத்தைப் பார்க்காமல் சேலையை நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அடுப்படிக்குப் போய், மறுநாள் குளியலுக்கு அரைத்திருந்த மஞ்சளையெல்லாம் ஓர் அண்டாத் தண்ணீரில் கரைத்துச் சேலையை அதில் அமுக்கினாள். கொல்லைக் கொடியில் அதை விரித்தபோது பெரியப்பா பின்னாலேயே வந்தார்.

"ஊருக்கு நான் என்னத்தச் சொல்றது, ஆத்தா?"

"ஒரு கடுதாசி வரட்டும்ண்ணே. செத்துட்டாருன்னு எழுதியிருந்தா நானே வெள்ளையக் கட்டிக்கிறேன். நீங்க வாங்கித் தர வேணாம்."

மறுநாள் விடியலில் பெரியம்மா ஒவ்வொருவரையும் மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தாள். அத்தை வந்து உட்கார்ந்ததும் பெரியம்மாவின் கை நின்றது, பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாதான் எழுந்து போய்க் கிண்ணத்தை வாங்கி, அத்தையின் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். திட்டுத்திட்டாய் மஞ்சள் பிடித்த சேலையோடு அன்று எல்லோருக்கும் இட்லி பரிமாறியது அத்தை. பெரியப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் மாமா வந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பர்மாக்காரி ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறார்; அவள் காய்ச்சலில் போய்விட்டாளாம். பெரியப்பா அவரை வாசலிலேயே நிறுத்தித் திரும்பிப் போகச் சொன்னார். உள்ளேயிருந்து வந்த அத்தை வெகுநேரம் குழந்தையையே பார்த்தாள். "புள்ள என்ன சாப்பிடும்?" என்று மட்டும் கேட்டாள், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

மூன்றாம் நாளே குழந்தை அவளை ஆத்தா என்று கூப்பிட்டது. மாமாவோடு அத்தை பேச ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அத்தையும் மாமாவும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது தீபாவளிக்கு என் வீட்டில் கூடுகிறார்கள். அந்தக் குழந்தையும் வருவாள், பேரனைக் கூட்டிக்கொண்டு. போன தடவைதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தை அவளைத் தனியே கூப்பிட்டு, ஓர் அகலில் எண்ணெய் ஊற்றிக் கையில் கொடுத்தாளாம்.

"ஒன்னப் பெத்தவளுக்கு ஒரு வெளக்கு ஏத்திட்டுப் போ."