எண் பதினேழும் ஆணியில் தொங்கிய டம்ளரும்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. ராஜபாளையத்தில் என் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மில் தொழிலாளியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சாமுவேல் சாரின் மனைவி எஸ்தர் அக்கா போனில் அழைத்தார். "பாக்கியம், சார் போயிட்டாரும்மா. மதுரை ஆஸ்பத்திரில, விடியக்காலம்." அல்சர் என்றுதானே சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டேன். "அல்சர் இல்லம்மா. ஈரல் சுருங்கிருச்சு. ஹெபடைடிஸ் பி. ரொம்ப வருசமா இருந்துச்சு" என்றார். போனை வைத்துவிட்டு அந்தத் தொழிலாளிக்கு ரத்தம் எடுத்து முடித்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

சார் உயிர்வேதியியல் நடத்திய கல்லூரியில் அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். பதினோரு ஆண்டுகள் அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவள் என்று என்னிடமும் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்" என்றார்கள். நல்லதும் எழுதுகிறேன். ஆனால் அவர் என்னை ஏமாற்றினார் என்பதை எழுதாமல் விட என்னால் முடியாது. எஸ்தர் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஒளிச்சு வச்சது போதும்" என்றார்.

அவர் முதல்முதலாக என் கூடத்துக்கு வந்தது ஒரு தெர்மாகோல் பெட்டியோடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர், கக்கத்தில் குடை, ஒல்லியான உடம்பு, சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "பாக்கியம்மா, நம்ம ஒடம்புல கொழுப்பு சும்மா கெடக்குன்னு நெனைக்காதீங்க. அதுவும் ஒரு சுரப்பி. அடிபோனெக்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. ஆள் குண்டாக ஆக அது குறையும். அது குறைஞ்சா ஈரல்ல கொழுப்பு படியும்." அவர் தேடியது அதற்கு அடுத்த கேள்வியை. ஹெபடைடிஸ் பி கிருமி இரண்டு பேர் ஈரலில் இருக்கிறது. ஒருவர் எழுபது வயது வரை வயலுக்குப் போய் வருகிறார். இன்னொருவருக்கு நாற்பதிலேயே ஈரல் தழும்பேறிவிடுகிறது. இந்த வேறுபாட்டில் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டா? அதைச் சுரக்கச் செய்யும் ஜீனில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஏதாவது நடக்குமா? இவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி. இன்றுவரை நாங்கள் எதையும் நிரூபித்துவிடவில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆரம்பத்தில் புரியாமல் இருந்தது. ஈரல் கெட்டுப்போன சிலருக்கு இந்த ஹார்மோன் குறையாமல் ஏறியிருந்தது. மிஷினில் கோளாறு என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ஈரல் நல்லா இருக்கையில இது கூட இருந்தா சந்தோசம். ஈரல் சுருங்கத் தொடங்குன பொறவு இது ஏறுனா, அது கெட்ட சேதிம்மா" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவர்தான் மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்தார்.

வேலைக்கு இரண்டு விதிகள் வைத்தார். ரத்தம் நான் எடுப்பேன், குழாயில் எண் அவர் ஒட்டுவார். எந்த எண் யார் என்பது அவருடைய நீல நோட்டில் மட்டும் இருக்கும். ஆளைத் தெரிந்தால் அளப்பவர் கண் சாயும் என்பார். இரண்டாவது விதி, எந்த எண் மோசமானாலும் அந்த ஆளை ஒரு வாரத்துக்குள் டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கிருமியை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது. "ஆராய்ச்சிக்காக ஒருத்தனையும் காக்க வைக்கக் கூடாது. நம்ம பேப்பர் கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும்" என்பது அவர் வாக்கு. சேத்தூர் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் வர மறுத்தபோது, சார் அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு அரை நாள் உட்கார்ந்திருந்து கையோடு அழைத்துக்கொண்டு போனார்.

ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கி வந்துவிடுவார். வெறும் வயிற்றில் வந்தவர்களுக்கு ஊசி எடுத்ததும் ஆளுக்கு ஓர் உருண்டை. "கொழுப்பை அளக்க வந்துட்டு நீங்களே கொழுப்பை ஊட்டி விடுதீகளே சார்" என்று கேலி செய்வேன். "அளந்து முடிச்சாச்சுல்லா, இனிமே தின்னா நமக்கென்ன" என்பார். அவர் மட்டும் வாயில் வைக்க மாட்டார். சுகர் என்றார். நம்பினேன். ரத்தப் பரிசோதனை செய்து பிழைப்பவள், பதினோரு வருடம் கூட வேலை பார்த்தவரின் சுகரை ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை.

தேவதானத்தில் நடந்ததை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நான்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வெள்ளைச்சாமி என்ற விவசாயிக்குக் கிருமி இருப்பது தெரிந்ததும் வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக மாட்டுக் கொட்டத்தில் வைத்துவிட்டார்கள். சார் நேரே கொட்டத்துக்குப் போனார். அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு, வீட்டார் எல்லோரும் பார்க்க மடக் மடக்கென்று குடித்தார். "இது ரத்தத்துல பரவும். தாய்கிட்ட இருந்து புள்ளைக்கு வரும். புருசன் பொஞ்சாதிக்குள்ள வரும். அதுக்குத் தடுப்பூசி இருக்கு. தட்டுலயும் டம்ளர்லயும் ஒட்டாது. ஒட்டும்னா மொதல்ல எனக்குல்லா ஒட்டணும்" என்றார். வெள்ளைச்சாமி அழுதுவிட்டார். அவர் மனைவி அந்த டம்ளரை வாங்கி அடுப்படிக்குள் கொண்டுபோனார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் சாரையே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு துணிச்சல்காரரோடு வேலை செய்கிறோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே மனிதர் என் கூடத்தில் தனக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். ஜன்னலோரம் ஓர் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டிருப்பார். விளிம்பில் ஓட்டை போட்டு நூல் கட்டிய டம்ளர். யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் தெரியாமல் அதில் காபி ஊற்றிவிட்டேன். வெடுக்கென்று பிடுங்கி, கொட்டி, மூன்று முறை கழுவி மறுபடி ஆணியில் மாட்டினார். எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம், நாம் தொட்டால் இவருக்குத் தீட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் பேசவில்லை. அவர் விளக்கம் சொல்லவில்லை. அந்த மாதம் என்னையும் கூடத்தில் வேலை செய்த எல்லோரையும் சண்டை போட்டுத் தடுப்பூசிக்கு அனுப்பினார். மூன்று தவணையும் போட்ட சீட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை.

இனி எண் பதினேழு. நான் ரத்தம் எடுக்காத ஒரே ஆள் அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை, வெளியே தெரிந்தால் வெட்கப்படுவார், வீட்டிலேயே ஒரு நர்ஸ் எடுத்துத் தருகிறார் என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சார் குழாயைக் கொண்டு வருவார். முதல் சில வருடம் சாதாரணமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் ஹார்மோன் ஏறியது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் இறங்கின, ஈரல் கெட்டால் அவை குறையும். நான் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் செத்த நேரம் பார்த்துவிட்டு, "இவனுக்கு அந்த ஜீன்ல ஒரு எழுத்து மாறி இருக்கும்மா. பொறப்புலயே கூடச் சுரக்குத ஆளு" என்றார். பிறப்பிலேயே கூட இருந்தால் ஒரே மட்டத்தில்தானே இருக்கும், ஏன் படி ஏறுகிறது, தட்டணு ஏன் குறைகிறது என்று கேட்டேன். அவர் அடுத்த எண்ணின் சீட்டை எடுத்தார்.

அடுத்த ஆறாம் மாதம் சீட்டைப் பார்த்ததும் நான் கத்தியே விட்டேன். "சார், ஒரு வாரத்துக்குள்ளன்னு விதி போட்டது நீங்க. இந்த ஆளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஈரல் சுருங்குது."

"சொல்லிட்டேன்மா. கேக்க மாட்டேங்கான்."

"கூறு கெட்ட ஆளா அவன்? பொண்டாட்டி புள்ள இல்லையா? அட்ரஸக் குடுங்க, நான் போய்க் கேக்கேன்."

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "நீங்க திட்டுனா ஒருவேளை கேப்பான்" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அது இரண்டு வருடத்துக்கு முன்பு. அதன் பிறகும் குழாய் வந்துகொண்டிருந்தது, நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எஸ்தர் அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். நீல நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். பதினேழாம் எண்ணுக்கு நேரே பெயர் இல்லை. 'நான்' என்று எழுதியிருந்தது.

"நான்தாம்மா ரத்தம் எடுத்துக் குடுத்தேன்" என்றார் அக்கா. "அவுக அம்மாகிட்ட இருந்து வந்தது. கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட சொல்லிட்டாரு. எனக்கும் புள்ளைக்கும் ஊசி போட்டாச்சு. டாக்டர் மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னப்போ, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னாரு. மருந்து படாத ஒரே ஆள் ரத்தம் இம்புட்டு வருசத்துக்கு யார்ட்ட கிடைக்கும், இப்ப மாத்திரை போட்டா வருசா வருசம் வரைஞ்ச கோடு ஒடைஞ்சுரும்னாரு."

"நீங்க நம்புனீங்களாக்கா?"

"இல்ல. அது சாக்கு. பயம் பாக்கியம். மாத்திரையக் கையில வாங்கிட்டா அவரும் நோயாளின்னு ஆயிருமே."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார். "உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாரு. பாக்கியத்துக்குத் தெரிஞ்சா சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் மதுரை பஸ்ல ஏத்திருவான்னாரு."

ஏற்றியிருப்பேன். அதுதான் என்னை இன்றைக்கும் தூங்க விடாத விஷயம். அந்த ஆள் சாகப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் ஈரலின் கதையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை நானே என் கையால் எழுதினேன். அவன் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தான். முகம் மட்டும் எனக்கு மறைக்கப்பட்டிருந்தது. சார், ஊரில் எல்லோருக்கும் போட்ட விதியை உங்களுக்கு மட்டும் ஏன் விலக்கி வைத்தீர்கள்? தேவதானத்தில் நான் பார்த்துப் பெருமைப்பட்டது துணிச்சல் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஏற்கனவே உங்கள் ரத்தத்தில் இருந்தது, உங்களுக்குப் புதிதாக ஒட்ட என்ன இருந்தது? நான் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன்! என்னை ஒரு முட்டாளாக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். இதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, வரும் என்று பொய் சொல்லவும் தெரியவில்லை.

வெள்ளைச்சாமி போன வாரம் கூடத்துக்கு வந்திருந்தார். மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு இருக்குன்னு ஊருக்கே தெரியும் தாயி. அவருக்கு இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. என் தட்ட வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு, அவர் கொட்டத்துலயே இருந்துருக்காரு பாவம்" என்றார்.

சாரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று மலர்க்காரர்கள் கடைசியில் எழுதச் சொன்னார்கள். நீல நோட்டு கல்லூரிக்குப் போய்விட்டது. பதினேழின் சீட்டுகள் என் மேசை டிராயரில் இருக்கின்றன. ஒன்றின் மேல், 'இந்த ஆளை உடனே அனுப்பவும்' என்று நான் சிவப்பு மையில் எழுதியது இருக்கிறது. அதன் கீழே அவர் கையெழுத்தில் 'சரி' என்று இருக்கிறது.

அப்புறம் அந்த டம்ளர். அவர் போன நாளிலிருந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை நேற்று எடுத்தேன். ஆணியைப் பிடுங்கி எறிந்தேன். நூலை அறுத்தேன். ஒரு தடவை கழுவினேன், ஒரே ஒரு தடவை. பானையில் மொண்டு, வரிசையில் காத்திருந்தவர்கள் பார்க்கக் குடித்துவிட்டு, பானை மூடியின் மேல் எல்லோருக்கும் பொதுவாக வைத்தேன். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை சார். நீங்கள் ஊருக்குச் சொன்னதெல்லாம் சரிதான். நீங்கள்தான் அதை நம்பவில்லை.