கல்யாணி என்று நான் நம்பிய பாட்டு

ஐம்பத்தாறாம் ஆண்டு லெந்து என்னும் தவக்கால நாட்களில், என்ன சொல்லி ஜெபிப்பதென்றே தெரியாமல் கலங்கியிருந்தேன். அப்போது கிருஷ்ணகிரியில் பெண்கள் பள்ளி விடுதியில் தங்கி இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சங்கீதம் என் விருப்பப் பாடம். அதில் தேறாவிட்டால் கல்லூரி இல்லை, வீடு திரும்பிவிட வேண்டும் என்று ஜவளகிரியில் வனக்காவலராயிருந்த அப்பா சொல்லியிருந்தார். அவர் கோபக்காரர் அல்லர், சொன்னால் சொன்னதுதான்.

எழுத்துத் தேர்வு எனக்கு அச்சம் தரவில்லை. செவித் தேர்வுதான் அச்சுறுத்தியது. திரைக்குப் பின்னால் வீணை வாசிப்பார்கள். கேட்டு, ராகத்தின் பெயரை எழுத வேண்டும். எங்கள் வீட்டில் வானொலி இல்லை. ஆகவே நான் அறிந்த வழியில் படித்தேன். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் அச்சிட்டிருக்கும் அல்லவா? ஆலயத்தில் சிறு வயது முதல் பாடிய மெட்டுகளை அந்தப் பெயர்களோடு சேர்த்து மனனம் செய்தேன்.

தேர்வுக்கு முந்திய வாரம் சங்கீத டீச்சர் ஒத்திகை வைத்தார். என் விடைகள் பெரும்பாலும் தவறு.

"இது கல்யாணின்னு யாரும்மா சொன்னது?"

"எங்க கோயில்ல இப்படித்தான் பாடுவோம், டீச்சர்."

பின் வரிசையில் ருக்மணி சிரித்தாள். "உங்க கோயில்ல ராகத்துக்கும் ஞானஸ்நானம் குடுத்துப் பேரை மாத்திட்டாங்களாட்டம் இருக்குது!"

வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் சிறு சபையில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் உண்டு. பாடத் தெரிந்தவர் எடுத்துக்கொடுத்த மெட்டே சபையின் மெட்டாயிற்று. புத்தகத்திலிருந்த பெயர் மட்டும் மாறவில்லை.

அன்று மாலை ஜெப அறையில் முழங்காலிட்டு அழுதேன். "ஆண்டவரே, செவித் தேர்வே இல்லாமற் போகட்டும்." வேறு கேட்கத் தெரியவில்லை. எழுந்து வந்தால், வாசலில் ருக்மணி நின்றாள்.

"ஏண்டி, சிரிச்சதுக்கா இப்படி அழுவுற? கல்யாணின்னியே, அந்தப் பாட்டைப் பாடு, பார்க்கலாம்."

பாடினேன். அவள் கண்மூடி, என் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தானும் முனகிப் பார்த்தாள்.

"கல்யாணிக்கு மத்திமம், அந்த 'ம' ஸ்வரம், ஒசந்து நிக்கணும்; உங்க கோயில்ல அதை எறக்கிட்டீங்க. இது சங்கராபரணம்டி! சுத்தமாப் பாடுற. உன் காதுல கோளாறு இல்ல, பேருலதான். அடுத்ததைப் பாடு."

அவள் இந்துக் குடும்பத்துப் பெண். முறையாகச் சங்கீதம் கற்றவள். அந்த வாரம் முழுவதும் தன் படிப்பை ஒதுக்கி என் கீர்த்தனைகளைக் கேட்டாள். மெட்டுக்கு மெட்டு, உரிய பெயரைச் சேர்த்தோம்.

தேர்வன்று வீணை ஒலித்தது. எங்கள் சபையார் எல்லாரும் எனக்குள் அந்தப் பாட்டைப் பாடுவதுபோல் கேட்டது. சங்கராபரணம் என்று எழுதினேன்.

தேறினேன். இன்று கல்லூரியில் தமிழிலக்கியம் படிக்கிறேன்.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. என் ஜெபமும் தவறான பெயரிட்ட பாட்டாகவே இருந்தது. அவரோ பெயரைப் பாராமல் மெட்டைக் கேட்டார். சிரித்தவளையே துணையாக அனுப்பினார். பிரியமானவர்களே, தக்க சொல் அமையவில்லையே என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். அமைந்த சொல்லைக் கொண்டு அவரிடம் போங்கள்.

விடுமுறையில் எங்கள் சபைக்குப் போனால் அந்தப் பாட்டு வரும். புத்தகத்தில் இன்னும் கல்யாணிதான். முன்பெல்லாம் உதட்டளவில் பாடிய நான், இப்போது எல்லாரோடும் சேர்ந்து, சங்கராபரணத்தில் உரக்கப் பாடுகிறேன்.