எங்கள் பக்கம் விழுந்த தேங்காய்

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் நான் வாக்கப்பட்டுப் போன வீட்டின் பின்வாசலுக்கு நேர் மேலே, பக்கத்துத் தோட்டத்துத் தென்னை ஒன்று சாய்ந்து நின்றது. அடி வேலிக்கு அந்தப் பக்கம், தலை எங்கள் பக்கம். மட்டை விழுந்து எங்கள் ஓடு உடையும். முற்றிய நெற்று விழுந்தால் எங்களுக்கு. விழுந்தது விழுந்த பக்கத்துக்காரருக்கு என்பது அங்கே பழக்கம். நாங்களும் எடுத்துச் சட்னிக்கு அரைத்தோம். அது எங்கள் வாயை அடைக்கும் தேங்காய் என்று அப்போது எனக்குப் புத்தியில் எட்டவில்லை.

ஒருநாள் காலையில் துவைக்கிற கல்லில் குனிந்திருந்தேன். நெற்று ஒன்று இடது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கட்டுப் போட்டார்கள், சரியாகக் கூடவில்லை. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இருபத்திரண்டு வயதில் என் தலையை நானே பின்ன முடியாதவள் ஆனேன்.

மரத்தை வெட்டச் சொல்லி என் வீட்டுக்காரர் தோட்டத்துச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டார். கேட்டார் என்ன, கெஞ்சினார். "பாக்கலாமுங்க" என்று பதில் வந்தது. இரண்டு மாதம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார் மனுஷன். நான் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்து மலையாளத்தில் பராதி, அதுதான் புகார், எழுதி வாங்கிப் பஞ்சாயத்தில் கொடுத்தேன்.

வார்டு மெம்பர் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நெத்து உழுந்தா அவுங்களுது, மட்ட உழுந்தா மட்டும் எம்மரமுங்களா? அந்தப் புள்ள தோள்ல உழுந்த காயக்கூட அன்னிக்கு மத்தியானமே அரச்சுத் தின்னாங்க. கேட்டுப் பாருங்க மெம்பரே."

அது உண்மைதான். கட்டுப் போட என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அமளியில், கல்லடியில் கிடந்த அந்த நெற்றை வீணாக்குவானேன் என்று என் மாமியார் உரித்துக் குழம்புக்கு அரைத்துவிட்டார். அந்தக் குழம்பைத்தான் எனக்கும் பிசைந்து ஊட்டினார்கள். வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"காயும் எடுத்துட்டு பராதியும் கொடுத்தா எப்படிம்மா? பேசித் தீத்துக்குங்க" என்று மெம்பர் சைக்கிளில் ஏறிவிட்டார். காய் தின்றால் மரம் என்னுடையதாகிவிடுமா? வேர் யார் மண்ணில் இருக்கிறதோ அவர்தானே பொறுப்பு? இதைச் சொல்ல ஒரு மெம்பருக்கு வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் பக்கம் விழுந்த ஒவ்வொரு நெற்றையும் வலது கையில் தூக்கிப் போய் அவர் வாசலில் போட்டேன். நாலு பேர் நடமாடும் நேரமாகப் பார்த்துத்தான் போவேன். "உங்க மரத்துக் காயிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். மட்டை, பன்னாடை, உடைந்த ஓட்டுச் சில்லு எதையும் விடவில்லை. மற்றதெல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தது. காயை மட்டும் அவர் வீட்டுக்காரி பொறுக்கித் தாழ்வாரத்தில் குவித்தாள். குவியல் இடுப்புயரம் வந்ததும் மறுபடி பராதி கொடுத்தேன். மெம்பரை நேரே அந்தத் தாழ்வாரத்துக்கே கூட்டிப் போனேன்.

"காயெல்லாம் இங்க இருக்குதுங்க. இப்பச் சொல்லுங்க, மரம் யாருதுங்க?"

மெம்பர் தோட்டக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே ஆள் விட்டு வெட்டினார்கள். சாய்ந்த மரம் சாய்ந்த வாக்கிலேயே எங்கள் வாசலில் விழுந்தது. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க அம்மிணி, மரத்த எடுத்துக்கலாமுங்களா?" என்றார்.

"எடுத்துக்குங்க. உங்க மரந்தானுங்களே. இந்தக் கையி எங்க பக்கம் உழுந்துபோச்சு, இத நாங்களே வெச்சுக்கறோம்."

தலையைக் குனிந்துகொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். இன்றைக்கும் என் தலையை மகள்தான் பின்னிவிடுகிறாள். அவள் சீப்பை எடுக்கும்போதெல்லாம் அந்த ஆளைத் திட்டுகிறேன்.